பட்ஜெட்டுக்குக் காத்திருந்த அடுக்கு

அந்த யோசனை எனக்கு ஒரு பழைய பேப்பரிலிருந்து வந்தது. தை மாதம், பொங்கல் முடிந்த வாரம். தி. நகரில் நாங்கள் வழக்கமாகப் போகும் பாத்திரக்கடையில் அக்கா தன் கல்யாணச் சீருக்கு ஒரு எவர்சில்வர் அடுக்கைத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தாள். ஒன்றுக்குள் ஒன்று உட்காரும் ஏழு பாத்திரங்கள். கடை அண்ணாச்சி ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். நாலாவதைச் சுற்றும்போது அந்தத் தாளில் இருந்த ஒரு செய்தி தலைகீழாக என் கண்ணில் பட்டது. வரப்போகும் பட்ஜெட்டில் உலோகங்களுக்கான இறக்குமதி வரி குறையலாம் என்று போட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரு நிமிஷம்," என்றேன்.

அப்போது நான் பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. அந்த மாதம்தான் வகுப்பில் சுங்க வரி நடந்திருந்தது. கப்பலில் வந்து இறங்கும் தகட்டுக்கு அரசாங்கம் வரி போடும். வரி கூடினால் தகடு விலை கூடும், தகடு விலை கூடினால் பாத்திரம் விலை கூடும். வரி இறங்கினால் எல்லாம் இறங்கும். கரும்பலகையில் அந்தக் கோடு கீழே இறங்கியதை என் கண்ணால் பார்த்திருந்தேன். கடையில் நின்றபடியே அதை விரலால் காற்றில் வரைந்து காட்டினேன்.

"பட்ஜெட்டுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. கல்யாணம் வைகாசியில. இப்பவே எதுக்கு வாங்கணும்?"

அப்பா கையில் எடுத்த பர்ஸை மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டார். எதையும் ஒத்திப்போடச் சொல்லுகிறவர்களை அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

அண்ணாச்சி சுற்றுவதை நிறுத்தினார். "தங்கச்சி சொல்றது சரிதான். புது ஆர்டர் குடுக்கலாமா வேண்டாமான்னு நானே ரெண்டு நாளா யோசிச்சிக்கிட்டுதான் இருக்கேன். ஒண்ணு செய்ங்க. கொஞ்சம் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க, இந்த அடுக்கை அப்படியே உள்ள எடுத்து வச்சிருதேன்."

"எதுக்கு அண்ணாச்சி? பட்ஜெட் முடிஞ்சா புது ஸ்டாக்கே வந்துடுமே," என்றேன் நான். இதைச் சொன்னது நான்தான், வேறு யாருமில்லை.

 சுற்றிய தாளை அக்கா பிரித்து, நாலாவது பாத்திரத்தின் விளிம்பை நகத்தால் ஒருமுறை தட்டினாள். கனமான தகடு. சத்தம் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. பிறகு அதை மூன்றாவதோடும் ஐந்தாவதோடும் சேர்த்து அவளே அலமாரியில் அடுக்கினாள்.

மயிலாப்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் பேசினாள். "புடவை மாப்பிள்ளை வீட்டு இஷ்டம், நகை அம்மா இஷ்டம். இந்த அடுக்கு ஒண்ணுதான்டி நான் பார்த்து எடுத்தது. நாக்பூர்ல எனக்கு யாரைத் தெரியும்? வீடு அவரோடது, கட்டில் அவரோடது, பாஷைகூட வேற. அடுப்படியில நிக்கும்போதாவது இது என்னோடதுன்னு சொல்லிக்க ஏதாவது இருக்கணும்ல?"

"இருக்கும். கம்மி விலையில இருக்கும்."

"சரிங்க மேடம். நிதி மந்திரியே சொல்லிட்டாங்க, நாம என்ன பேசறது."

அதற்குப் பிறகு வந்த ஆறு வாரங்களைத்தான் இப்போது நான் அடிக்கடி நினைக்கிறேன். அக்கா அடையாறில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். வேலை முடிந்து பஸ் பிடித்து பனகல் பார்க் வாசலில் வந்து இறங்குவாள். கல்லூரி விட்டு வந்த நான் கம்பி வேலியில் சாய்ந்துகொண்டு காத்திருப்பேன். வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, பட்ஜெட் வரவில்லையே. அதனாலேயே ஒரு பாத்திரக்கடை விடாமல் ஏறி இறங்கினோம். விலை கேட்போம், தட்டிப் பார்ப்போம், வந்துவிடுவோம். சுண்டல் பொட்டலம் ஒன்று வாங்கினால் அது ரங்கநாதன் தெரு முனையிலிருந்து பாண்டி பஜார் வரைக்கும் வரும். நான் எவர்சில்வரில் சேரும் நிக்கல் எங்கிருந்து வருகிறது, தகடு துறைமுகத்தில் எத்தனை நாள் கிடக்கும் என்று ஓயாமல் பேசிக்கொண்டே வருவேன். அவள் ஒரு வார்த்தைகூடக் காதில் வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் மூச்சு விடுவதற்காக நிறுத்தும் இடத்தில் சரியாக, "அப்புறம்?" என்பாள். அந்த 'அப்புறம்' இல்லாமல் இப்போது எனக்கு எதையும் முழுதாகச் சொல்ல வருவதில்லை.

இதற்குள் எங்கள் தெரு முழுக்க நான் செய்தியைப் பரப்பிவிட்டிருந்தேன். மாடி வீட்டு மாமி குக்கர் வாங்குவதைத் தள்ளிப் போட்டார். எதிர் வீட்டில் கிரகப்பிரவேசத்துக்கு வாங்க இருந்த அண்டாவையும் நிறுத்திவைத்தார்கள்.

பிப்ரவரி கடைசி நாள், மாலை ஐந்து மணி. டி.வி. முன்னால் அப்பா, அம்மா, அக்கா, நான், மாடி வீட்டு மாமி. மந்திரி ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே போனார். உரமும் சிகரெட்டும் கடந்து, ஒரு வழியாக உலோகங்கள் வந்தன. வரி குறைந்தது.

"என்னடி, எவர்சில்வர் கொறஞ்சுதா இல்லையா? வாயத் தொறந்து சொல்லேன்," என்றார் மாமி.

"குறைஞ்சாச்சு மாமி."

"அப்போ நாளைக்கே போய் குக்கர் வாங்கிண்டு வந்துடறேன்."

அம்மா கேசரி கிளறினாள். அக்கா என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனோம். வாசலிலேயே ஏதோ மாறியிருந்தது தெரிந்தது. அலமாரிகளில் இடைவெளி விழுந்திருந்தது. கடைக்குள் கூட்டம் மட்டும் நிறைய. எல்லோருக்கும் வைகாசியில் கல்யாணம், எல்லோரும் நேற்றுவரை காத்திருந்தவர்கள். எங்களைப் பார்த்ததும் அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது.

"தங்கச்சி, ஆறுதான் இருக்கு."

"எது?"

"உங்க அடுக்குல. போன வாரம் ஒரு அம்மா வந்து அழாத குறை. வீட்டுல விசேஷம், ஒரே ஒரு பாத்திரம் போதும், எங்கயும் இல்லன்னாங்க. அடுக்கைக் கலைச்சு விக்கிறது எங்க வழக்கம் இல்ல. ஆனா ஸ்டாக்கே இல்லாதப்போ என்ன செய்ய? நாலாவதை எடுத்துக் குடுத்துட்டேன்."

"வேற அடுக்கு?"

"விலை இறங்கப் போகுதுன்னு தெரிஞ்சே பழைய விலைக்கு வாங்கி நான் எப்படிம்மா அடுக்குவேன்? தை மாசத்தோட ஆர்டரை நிறுத்திட்டேன். இந்தத் தெருவுல எல்லாரும் அதைத்தான் செஞ்சாங்க."

"விலையாவது குறைஞ்சிருக்கா?" என்றார் அப்பா.

"சார், வரி நேத்துதான் குறைஞ்சிருக்கு. இனிமே ஒருத்தன் தகட்டுக்கு ஆர்டர் போடணும், கப்பல் வரணும், பட்டறைக்குப் போகணும், அங்கேருந்து என் கடைக்கு வரணும். ஆவணி ஆயிரும். இப்ப இருக்கிறது எல்லாம் பழைய வரி கட்டி வந்த சரக்கு."

கரும்பலகையில் அந்தக் கோடு சாக்பீஸ் ஒரு இழுப்பில் இறங்கியது. நடுவில் கப்பல் என்று ஒன்று வரும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. எல்லோரும் என்னைப் போலவே நினைத்து, ஒரே நேரத்தில் வாங்காமல் நின்றால் என்ன ஆகும் என்பதும் தோன்றவில்லை.

அண்ணாச்சி ஈக்காட்டுத்தாங்கலில் அந்த அடுக்கைச் செய்த பட்டறையின் விலாசத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவும் அக்காவும் நானும் போனோம். தகரக் கொட்டகை, உள்ளே மூன்று மெஷின்கள், மூன்றும் நின்றிருந்தன. முதலாளி லுங்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"நாலாம் நம்பரா? ஒண்ணே ஒண்ணா? தகடு எங்க சார் கீது? டீலரு குடோனத் தொறக்க மாட்டேன்றான். புதுசு வரட்டும்னு அவனும் குந்திகினுகீறான்."

"ஆள் யாரும் இல்லையா?" என்றார் அப்பா.

"ஒண்ணரை மாசமா ஆர்டர் இல்ல. மூணு பேரும் வேளச்சேரி பக்கம் வூடு கட்ற வேலைக்குப் பூட்டானுங்க. எப்போ திரும்பி வருவானுங்களோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "பாப்பா காலேஜ் படிக்குதா? இன்னா படிப்பு?"

"எகனாமிக்ஸ்."

"அப்போ நீயே சொல்லு. வரி கொறஞ்சது நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான்."

"நல்லதுன்னா நான் இன்னாத்துக்கு சும்மா குந்திகினு பேப்பர் படிச்சிகினுகீறேன்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.  பிறகு உள்ளே தேடி, நாலாம் அளவில் ஒரு மெல்லிய தகட்டுப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். அக்கா நகத்தால் தட்டினாள். டப்பாவைத் தட்டியது மாதிரி ஒரு சத்தம் வந்து அப்போதே நின்றுவிட்டது.

"வேணாம்பா. ஆறே போதும்," என்றாள் அக்கா.

ஆறையும் பழைய விலைக்கே வாங்கினோம். கடை வாசலில் பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் கரண்ட் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்ஷியல் அப்பாவோடதா, வீட்டுக்காரரோடதா?" என்று கேட்டார். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. அக்கா கொஞ்சம் யோசித்து, "இன்ஷியல் வேணாம், பேர் மட்டும் போடுங்க," என்றாள். ஆறு தடவை அவள் பேர் விழுந்தது. பஸ்ஸில் வீடு வரும்வரை அடுக்கை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

கல்யாணம் நன்றாக நடந்தது. நாக்பூருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் டிரங்குப் பெட்டியில் அடுக்கை வைத்தோம். ஐந்தாவதுக்குள் மூன்றாவது நிற்காமல் உருண்டு தடதடத்தது. அக்கா மாட வீதிக் கடையில் அரைத்து வாங்கி வந்த காப்பிப் பொடிப் பொட்டலங்களைச் சுற்றிலும் திணித்தாள்.

"பாரு, உன்னாலதான் எனக்கு ஒன்றரைக் கிலோ காப்பிப் பொடிக்கு இடம் கிடைச்சிருக்கு."

நான் சிரிக்க முயன்று அழுதுவிட்டேன். "சீ, அசடு," என்று என் மூக்கைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். மறுநாள் சென்ட்ரலில் ரயில் நகரும்போது ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவள் ஏதோ சொன்னாள். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. இதுவரை கேட்டு எழுதவும் இல்லை. நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

கடிதங்கள் வந்தன. வெயில், பக்கத்து வீட்டு அம்மாள், இந்தியில் முதன்முதலாகப் பேரம் பேசியது. ஆடி மாதக் கடிதத்தில் நடுவே நாலு வரி இருந்தது. 'ரெண்டு பேருக்குச் சாதம் வடிக்க நாலாவதுதான்டி அளவு. மூணாவதுல வெச்சா பொங்கி வழியுது. அஞ்சாவதுல வெச்சா அடியில கிடக்குது, ஏதோ ஆள் வராத பந்தி மாதிரி இருக்கு. அவர் அலுமினியத்துல ஒண்ணு வாங்கித் தந்திருக்கார். தினமும் அதுலதான் வடிக்கிறேன்.'

குறை சொல்லி எழுதவில்லை. தன்னுடையது என்று எடுத்துப்போன ஆறு பாத்திரங்களும் அலமாரியில் இருக்க, அவள் தினமும் வேறொன்றை அடுப்பில் ஏற்றுகிறாள். அதைப் படித்த பிறகு எனக்குப் பொருளாதாரப் புத்தகத்தைத் திறக்கவே பிடிக்கவில்லை.

அண்ணாச்சி சொன்ன மாதிரியே ஆவணியில் புதுத் தகடு வந்தது. விலையும் கொஞ்சம் இறங்கியது. அலமாரிகள் மறுபடி நிறைந்தன. ஓடிப் போய்ப் பார்த்தேன். புது அடுக்குகளின் வாய் அகலம், தகடு மெல்லிசு. அதில் நாலாவதை மட்டும் எடுத்தால் அக்காவின் அடுக்குக்குள் போகாது என்று அண்ணாச்சியே சொல்லிவிட்டார். அக்காவுக்கு எழுதினேன். பதிலோடு உறைக்குள் இரண்டு நூல்கள் வந்தன. மூன்றாவதின் விளிம்பை வெளியே சுற்றி அளந்தது சிவப்பு நூல், ஐந்தாவதை உள்ளே சுற்றி அளந்தது வெள்ளை நூல். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாத்திரம் வேண்டும்.

போன சனிக்கிழமை நூல்களை எடுத்துக்கொண்டு தனியாக ஈக்காட்டுத்தாங்கல் போனேன். மூன்று மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்களில் இரண்டு பேர் திரும்பி வந்திருந்தார்கள். முதலாளிக்கு என்னை ஞாபகம் இருந்தது.

"வா, எகனாமிக்ஸ். இப்போ சும்மா குந்தல, பாத்தியா?"

நூலைக் கொடுத்தேன். விளக்கில் பிடித்துப் பார்த்தார். "பழைய அச்சு பத்திரமா கீது. கனத் தகடும் தரேன். ஆனா ஒரு சாமானுக்காக அச்சு மாட்டி எறக்க முடியாது பாப்பா, கட்டுப்படி ஆவாது. பத்துன்னா சொல்லு, ஒரே நாள்ல முடிச்சுத் தரேன்."

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அக்காவுக்குத் தலை தீபாவளி. அக்கா வீட்டுக்காரருக்கு லீவு கிடைத்தால் இரண்டு பேரும் வருவார்கள். கிடைக்காவிட்டால், பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நானே நாக்பூருக்கு ரயில் ஏறுவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன். 

ஒன்று அக்காவுக்கு. மீதி ஒன்பது பாத்திரங்களுக்கு ஆள் வேண்டும். நாளை மதியம் சாப்பாட்டு வேளையில் அடையாறு போகிறேன், அக்கா வேலை பார்த்த ஆபீஸுக்கு. அவளோடு உட்கார்ந்து சாப்பிட்ட பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் வரியைப் பற்றிப் பேசப் போவதில்லை. கனமான தகடு, இரண்டு பேருக்குச் சாதம் வடிக்கச் சரியான அளவு, இன்றைக்கு இதுதான் விலை. வேண்டுமா என்று மட்டும் கேட்கப் போகிறேன்.