இளஞ்சிவப்பு வரும்வரை

குழாயின் முனையை வாயில் வைத்து, கன்னங்கள் உப்ப ஊதினார் வெர்னா லாட்டி. மறுமுனையிலிருந்து மிச்சத் தண்ணீர் வாளியில் தெறித்தது. பிறகு சலவை இயந்திரத்தின் வயிற்றில் தட்டினார். "எல்லாத்தையும் துப்பிட்டியாடி? பொய் சொல்லாத!"

வெர்னா கோடையில் மட்டும் தங்கும் இந்த ஏரிக்கரை மரவீட்டில் இனி வசந்தம் வரை அடுப்பு எரியாது. உள்ளே தங்கும் தண்ணீர் உறைந்து இயந்திரத்தைப் பிளந்துவிடும். போன குளிர்காலத்தில் அப்படித்தான் தன் இயந்திரத்தைப் பறிகொடுத்தார் எதிர்க்கரை ஆர்விட். இம்முறை எப்படிச் செய்வதென்று பார்க்க வந்திருந்தார்.

"காத்தடிக்கிற மெஷின் கொண்டாரவா?"

"என் நெஞ்சுல இருக்கிற காத்து போதும். டார்ச்சைப் பிடிப்பா."

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலி வண்டியிலும் கடைசி இருக்கைவரை நடந்து, குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை இயந்திரத்துக்குள் ஊற்றினார். அதை அடியிலுள்ள பம்பு வரை இழுக்கப் பொத்தானை அழுத்தினார். அந்நேரம் பார்த்து மின்சாரம் போனது. வெளியே பனி கனமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"விட்டுட்டுக் கிளம்புங்க. பாதை மூடிரும்."

"பம்புக்குள்ள தண்ணி இருக்கு. வீட்ல போய்ப் படுத்தா எனக்குத் தூக்கம் வருமா?"

வெர்னா தரையில் பக்கவாட்டில் படுத்து, இயந்திரத்தின் அடியிலிருந்த மூடியைத் திருகித் திறந்தார். பனிக்கட்டியாய்ச் சில்லிட்ட நீர் அவர் கைகளின்மேல் வழிந்தது. விரல்கள் சிவந்தன, பிறகு வெளுத்தன.

"நான் பிடிக்கிறேன், நகருங்க."

"நகர்ந்தா நிறம் தெரியாதுப்பா. சிவப்பு வந்தாத்தான் தண்ணி பூரா போச்சுன்னு அர்த்தம். வெளிச்சத்தை ஆட்டாத."

தெளிந்த நீரில் மெல்ல வெளிர்சிவப்பு கலந்தது. அவர் அசையவில்லை. கடைசியில் உள்ளங்கையில் சுத்தமான இளஞ்சிவப்பு தேங்கியது. பிரசவ அறை வாசலில் நின்றவரைப்போல், ஆர்விட் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார்.

"வந்துட்டா," என்று சொல்லி வெர்னா மூடியை இறுக்கினார். விரல்கள் மடங்கவில்லை. ஆர்விட்தான் அவருக்குக் கம்பளிக் கையுறைகளை மாட்டிவிட்டார்.

வாசல்வரை போன வெர்னா திரும்பிப் பார்த்தார். இயந்திரத்தின் கதவு தானாகவே சாத்திக்கொண்டிருந்தது. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்தால் உள்ளே பூஞ்சை நாறும். திரும்பி வந்தவர், ஒரு கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றி, கதவிடுக்கில் செருகினார். பிறகு பனிப்பாதையில், வெறுங்கை ஒன்றை ஸ்டியரிங் சக்கரத்தில் வைத்து வண்டியை ஓட்டிப் போனார்.