தப்பான விடைக்கு ஒரு படகு

நான் வரைந்த அந்தப் படகுக்கு இரண்டு கண்கள் இருந்தன. நீல நிறம், உருண்ட வயிறு, சிரித்த வாய். மூன்றாம் வகுப்புக் கழித்தல் பாடத்துக்காகக் கணினியில் வரைந்தது. திரையில் சரியான விடையைத் தொட்டால் மணி அடித்துப் படகு முன்னே போகும். தப்பாகத் தொட்டால் கண்ணீர் விட்டுக்கொண்டே மூழ்கும்; கடைசியில் மூன்று குமிழிகள் மட்டும் மேலே வரும். அந்தக் குமிழிகளுக்காக ஒரு வாரம் மெனக்கெட்டேன். கடலை விட்டுத் தள்ளியிருக்கும் எம்.கே.பி. நகரில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடலைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

பள்ளிகளுக்குக் கணினிப் பாடம் செய்து தரும் எங்கள் அலுவலகத்தில் அப்போது ஒரே பேச்சு, கணக்குப் பாடம் குழந்தையின் மனதைத் தொட வேண்டும் என்பது. வட்டமான உருவங்கள், இதமான வண்ணங்கள், எல்லாவற்றுக்கும் ஒரு முகம். முகம் இருந்தால் குழந்தை ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். திருவொற்றியூரில் கடலோரத்துப் பள்ளி ஒன்றில்தான் முதலில் கொடுத்துப் பார்த்தோம். அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சரைச் சந்தித்தேன். ராயபுரத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். முதல் நாளே எனக்கு ‘டிராயிங் சார்’ என்று பெயர் வைத்துவிட்டார். படகைப் பார்த்து, “இன்னா சார், இவ்ளோ குண்டா கீது, வலைய எங்க வைக்கிறது?” என்று கேட்டார். பிள்ளைகளுக்கு என்னவோ பிடித்துவிட்டது. படகு மூழ்கும்போது கைதட்டினார்கள். நானும் பூரித்துப்போனேன்.

ஒரு சிறுமி மட்டும் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாரா வாரம் எங்களுக்கு வந்த பட்டியலில் அவள் பெயருக்கு நேரே பல நாட்களின் கட்டங்கள் காலியாக இருந்தன. விடை இல்லையென்றால் தெரியவில்லை என்றுதான் கணினிக்குப் பொருள். மாதக் கடைசியில் அவளைக் கணக்கு வராத பிள்ளைகளோடு சேர்த்து, இரண்டாம் வகுப்புப் பாடத்துக்கு இறக்குவதாக முடிவாகியிருந்தது. டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. வாய்க்கணக்கில் அந்தப் பெண்ணை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை என்று மல்லுக்கு நின்றார்.

காலையில் பள்ளி வாசலில் நின்று, எந்தப் பிள்ளையை யார் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று பார்ப்பது அவருடைய வழக்கம். ஒரு நாள் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தபோது அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. அப்பா வந்து விட்டுப்போன நாட்களில் அந்தச் சிறுமி பத்துக்குப் பத்து. அம்மா வந்த நாட்களில் கட்டம் காலி. பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டதற்கு அவள் சொன்னாளாம்: “எங்கப்பா கடல்ல கீறாரு டீச்சர். நான் தப்பா பண்ணிட்டா படகு முழுகிடும்ல.”

இதை டீச்சர் என்னிடம் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. “வெறும் படம்தானே டீச்சர்” என்றேன்.

“படம்தான் சார். ஆனா மூஞ்சி வெச்சுட்டீங்களே. மூஞ்சி வெச்சுட்டா அது ஆளு.”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மனதைத் தொட வேண்டும் என்றுதானே வரைந்தேன், தொட்டுவிட்டது. அப்பா கடலுக்குப் போன நாளெல்லாம் ஒரு எட்டு வயதுக் குழந்தை என் படகைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்கு நாங்கள் கணக்கு வரவில்லை என்று பெயர் வைத்தோம்.

குமிழிகளை அன்றைக்கே அழித்தேன். புதிய படகு தப்பான விடைக்குக் கொஞ்சம் தயங்கும், வளைந்து திரும்பிக் கரைக்கு வந்து நிற்கும். கூடவே ஒரு குரல் வேண்டும். அலுவலகம் எழுதிக் கொடுத்தது ‘மீண்டும் முயற்சி செய்க’. டீச்சர் சிரித்துவிட்டார். “என் புள்ளைங்ககிட்ட யாரு சார் இப்டி பேசுறா?” என்று கேட்டு, தானே பேசித் தருவதாகச் சொன்னார். பள்ளியின் சாமான் அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தோம். அப்படியும் எண்ணூர் சாலையில் போன கன்டெய்னர் லாரியின் ஹாரன் கடைசியில் மெலிதாக விழுந்துவிட்டது. திரும்பப் பேச அவருக்குப் பொறுமை இல்லை.

அந்தச் சிறுமியிடம் புதிய பாடத்தைக் கொடுத்த நாளில் அவள் அப்பா கடலில்தான் இருந்தார். நானும் டீச்சரும் பின்னால் நின்றிருந்தோம். ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, முதல் கணக்குக்குத் தப்பான விடையைத் தொட்டாள். படகு திரும்பி வந்தது. இன்னொரு தப்பு, திரும்பவும் வந்தது. மூன்றாவது முறையும் வந்த பிறகு அக்குளிலிருந்து மற்றக் கையையும் எடுத்தாள். அப்புறம் மீதிக் கணக்குகளை மடமடவென்று போட்டு முடித்தாள். “மூணு தப்பு சார். மூணும் வேணும்னே” என்று டீச்சர் என் காதருகில் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். அவளை யாரும் கீழே இறக்கவில்லை.

போன மழைக்காலத்தில் டீச்சர் நோயில் விழுந்து இறந்துபோனார். சேதி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. போய்ப் பார்க்கக்கூட முடியவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது. இப்போது அலுவலகத்தில் பழைய பாடங்களுக்கெல்லாம் கணினியே பேசும் குரலை ஏற்றுகிறார்கள். கழித்தல் பாடத்தை மாற்றும் வேலை நேற்று என்னிடம் வந்தது.

மாற்றுவதற்கு முன் ஒரு தடவை திறந்தேன். பன்னிரண்டில் ஏழு போனால் எத்தனை என்று கேட்டது. ஆறைத் தொட்டேன். நீலப் படகு தயங்கி, வளைந்து, கரைக்கு வந்தது.

“திரும்பி வந்துச்சு பாரு. ஒண்ணியும் ஆவல. இன்னொரு தபா போலாம், வா.”

பின்னால் அந்த லாரி ஹாரனும் இருந்தது. சரியாகப் போட்டால் மணிதான் அடிக்கும், அவர் பேசமாட்டார். நான் மறுபடியும் ஆறைத் தொட்டேன்.