ஒரே முகவரியிலிருந்து போன கடிதம்

கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியிலிருந்த ஒரு பிரௌசிங் சென்டரில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்த காலம் அது. வளைகுடாவுக்குப் போன கணவர்களுக்கு மனைவிமார் சொல்லச் சொல்ல மின்னஞ்சல் அடித்து அனுப்புவது என் வேலையில் பாதி. கச்சிராயபாளையத்திலிருந்துகூட டவுன் பஸ் ஏறி வருவார்கள். எவருக்கும் தனி முகவரி கிடையாது. கடையின் முகவரியிலிருந்துதான் எல்லாக் கடிதங்களும் போகும். யார் எழுதுகிறார் என்பதை முதல் வரியில் சொல்லிவிடுவோம்.

ஒரு காலையில் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு கடைக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. "இந்த வயசுல நமக்கு யாரும்மா?" என்று சிரித்தபடி முதலாளி அதன் இணைப்பைத் திறந்தார். கணினி உறைந்து நின்றது. அந்தத் தலைப்பில் பரவும் வைரஸைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்குள் அது, சேமித்து வைத்திருந்த முகவரிகளுக்கெல்லாம் தன்னை அனுப்பிவிட்டது. முதல் வரியில் பெயரில்லாத அக்கடிதத்தை ஒவ்வொரு கணவரும் தம் மனைவி எழுதியதாகவே எண்ணியிருப்பார்.

முதலில் தொலைபேசியில் அழைத்தவர் துபாயில் ஒரு கிடங்கில் எழுத்தர். கடைவீதி ஜவுளிக்கடைக் குடும்பத்து மருமகள் அவர் மனைவி. இந்த முறையும் விடுப்பைத் தள்ளிப்போட்டார் என்ற கோபத்தில், அவள் பல வாரங்களாக அவருக்கு எழுதவில்லை.

"அக்கா, அவளுக்குக் கோவம் கம்மியாய்ட்ச்சி போல. மெயில் வந்திருக்கு. ஆபீஸ் கம்ப்யூட்டராச்சே, மேனேஜர் சாப்பிடப் போவட்டும்னு தொறக்காம பாத்துக்கினு இருக்கேன்."

"தொறக்காதீங்க. அவங்கள வரச் சொல்றேன், கொஞ்சம் கழிச்சி திரும்ப ஃபோன் பண்ணுங்க" என்றேன். உண்மையை நானே சொல்லியிருக்கலாம். அவள் வாயால் சொல்வதே முறை என்று தோன்றியது.

முக்காட்டைச் சரிசெய்தபடி அவள் படியேறி வந்தாள். விவரத்தைச் சொன்னேன்.

"நான் அனுப்பலன்னு சொல்லியே ஆவணுமாக்கா?"

"அவரு தொறந்தா ஆபீஸ் கம்ப்யூட்டரே கெட்டுடும்மா. வேலைக்கே ஆபத்து."

மணி அடித்ததும் அவளே எடுத்தாள். "ஏங்க, அத தொறக்காதீங்க. அது வைரஸாம். நான் அனுப்பல."

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தொலைபேசியின் ஒயரை அவள் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னா, ஒண்ணும் பேச மாட்டேன்றீங்க? கூட வந்தத அழிச்சிடுங்க. தலைப்ப மட்டும் நான் எழுதினதா வச்சிக்குங்க."

அவர் சிரித்தது எங்களுக்கே கேட்டது.

மற்ற வீடுகளுக்கும் சொல்லியனுப்பினோம். வந்த ஒவ்வொருத்தியிடமும் விவரத்தை மட்டும் சொன்னேன். கணவரிடம் என்ன சொல்வது என்பதை அவளிடமே விட்டுவிட்டேன்.