ரூபாய் விழ விழ எழும்பிய வீடு

மஸ்கட்டில் ஓர் எலுமிச்சம்பழச் சாறு குடிக்கக்கூட நான் இரண்டு கணக்குப் போடுகிறேன். ரியாலை ரூபாயாக்குவது முதல் கணக்கு. அந்த ரூபாயை அம்மாவின் பேராக்குவது இரண்டாவது. இலங்கை மலைநாட்டில் எங்கள் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், சொன்ன கிலோ கொழுந்து பறித்தால்தான் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். ஒரு கிளாஸ் சாற்றில் அம்மாவின் அரைப்பேர் போய்விடும் என்று தெரிந்ததும் தாகம் எங்கே ஓடுமோ! நான் வேலை செய்யும் வீட்டு மேடம் தன் காசில் வாங்கித் தந்தாலும் மனசு கேட்பதில்லை, வேண்டாம் என்றுவிடுவேன். எனக்கு எலுமிச்சை ஆகாது என்று அவர் இன்றுவரை நம்புகிறார்.

எங்கள் இலங்கை ரூபாய் சரியத் தொடங்கிய அந்த மாதங்களில் நான் கனவில்தான் நடந்துகொண்டிருந்தேன். வெள்ளிதோறும் பணம் மாற்றும் கடைக்குப் போவேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மலையாளத் தம்பி சிரிப்பான். "சேச்சி, உங்க ரூபா பின்னயும் வீணு. லாட்டரி அடிச்சு!" ரூபாய் மறுபடி விழுந்துவிட்டதாம், ரியாலுக்கு இன்னும் கூடக் கிடைக்குமாம். நான் அனுப்பாமல் திரும்பிவிடுவேன். "அம்மா சம்பளத்துல கொஞ்ச நாள் சமாளிங்கடி, பொறுத்து அனுப்புனா இன்னொரு ரூம் கட்டலாம்" என்று தங்கச்சி செல்வியிடம் சொல்லியிருந்தேன். மூன்று மாதச் சம்பளம் பெட்டிக்குள் கிடந்தது. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது வெயிலில் கண் கூசும். அந்தக் கூச்சத்துக்குள், தோட்டத்து வரிசை அறைகளான லயத்தைவிட்டு விலகி, மேட்டில் அத்திவாரம் மட்டும் போட்ட எங்கள் வீடு எழும்பித் தெரியும். ரூபாய் ஐந்து விழுந்தால் ஒரு வரிசைக் கல் ஏறும். பத்து விழுந்தால் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் பனி வந்து படியும், செல்வியின் பிள்ளைகள் விரலால் அதில் படம் வரைவார்கள். விழட்டும் சாமி, இன்னும் கொஞ்சம் விழட்டும். சத்தியமாக அப்படித்தான் வேண்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வீடியோவில் அழைத்தேன். செல்வியின் சின்னவள் முன்னால் ஓடிவந்து, "பெரியம்மா, இன்னைக்கு நாங்க ரொட்டி தின்னோமே!" என்று கைகொட்டினாள். லயத்தில் தினமும் சுடுகிற ரொட்டியை ஒரு பிள்ளை தீபாவளி மாதிரிச் சொல்லுமா?

"என்னாடி சொல்லுது இது?"

"ஒன்னுமில்லக்கா. கோதும மா வெல ஏறிக்கிட்டே போவுது. கெழங்கு அவிச்சுத் தின்னுக்கிறோம்."

"அம்மா?"

"வெறும் தேத்தண்ணியோட கொழுந்துக்குப் போறாங்க."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீதான் ரேட் ஏறுது ஏறுதுன்னு அவ்வளவு சந்தோஷமா இருந்தியே. அத எப்பிடிக்கா கெடுக்கிறது?"

ரியாலைப் பேராக மாற்றி மாற்றிப் பார்த்த நான், ரூபாய் விழ விழ அந்தப் பேருக்கு எவ்வளவு மா வரும் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை. பாவி, அம்மாவின் வயிற்றில் கல் அடுக்கியிருக்கிறேன்.

பெட்டியில் இருந்ததை அள்ளிக்கொண்டு ஓடினேன். "திங்கள் வரைக்கும் நில்லுங்க சேச்சி, இன்னும் வீழும்" என்றான் தம்பி. "அங்க பிள்ளைங்க பசியோட இருக்குதுங்க, முழுசா அனுப்பு." அவன் குழம்பிப்போனான். "இத்தன நல்ல ரேட்டுல பசியோ?" என்று கேட்டான். நான் காசைக் கண்ணாடிக்கு அடியால் அவன் பக்கம் தள்ளினேன்.

இப்போது ரேட் அவ்வளவாக ஆடுவதில்லை. வீடும் இன்னும் அத்திவாரத்தோடுதான் நிற்கிறது. போன வெள்ளி ரியாலுக்கு மூன்று ரூபாய் கூடியிருந்தது. கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். என் வாய் தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த வாய்தான், சிரிப்பு அடங்கும் முன்னே, "போதும் சாமி, எங்க ரூபாயத் தூக்கிவிடு" என்று முணுமுணுத்தது.