கெட்டது எந்தக் கட்டம்?

வீட்டுக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவனுக்கு வரும் போன்களில் பாதி, “இப்ப சரியாப் பூடுச்சுங்க, வர வேணாம்” என்றுதான் முடியும். மறுநாள் அதே ஆள் மறுபடி கூப்பிடுவார். பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரிந்த அவஸ்தைதான். மவுஸை நகர்த்துவீர்கள், திரையில் அம்பு அசையாது. எதை அழுத்தினாலும் பதில் இருக்காது. திட்டிக்கொண்டே எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். ஆளை வரவழைத்த அன்று மட்டும் படு சமர்த்தாக இருக்கும்.

சிங்கப்பூரில் பத்தொன்பது வருடம் சர்வர் அறைகளின் குளிரில் உட்கார்ந்து நான் செய்ததும் இதே வேலைதான். நாற்பத்தாறு வயதில் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தேன். இப்போது விழுப்புரம் வரைக்கும் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போகிறேன். சிங்கப்பூரில் எல்லோரும் ‘ஃப்ரீஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நம் ஊர் வெயிலில் எதுவும் உறைய வழியில்லை என்பதாலோ என்னவோ, இங்கே வீட்டுக்கு ஒரு சொல். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பாதி நோய் தெரிந்துவிடும். சொல்லைக் கேட்பதில், முதல் பாடத்துக்குப் பிறகு, நான் தோற்றதில்லை. சொல்வதில்தான் ஒரு முறை சறுக்கினேன். அதையும் கடைசியில் சொல்லிவிடுகிறேன்.

மூச்சு வாங்குது

கோலியனூர் பக்கத்தில் ஒரு விவசாயி வீடு. வீட்டுக்கார அம்மா போனில் சொன்னது இவ்வளவுதான்: “அரை மணி நேரம் ஓடுதுங்க. அப்புறம் மூச்சு வாங்கிக்கினு நின்னுடுது.” நேரில் போய், எந்த புரோகிராம் திறந்திருக்கும்போது நிற்கிறது, என்ன எழுத்து வருகிறது என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அந்த அம்மா பொறுமையாக ஒவ்வொரு கேள்விக்கும், “அதான் சொன்னேனே, மூச்சு வாங்குது” என்றார்.

கம்ப்யூட்டர் இருந்த அறையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் எனக்கே மூச்சு முட்டியது. உள்ளே விசிறியைச் சுற்றி மல்லாட்டைத் தோல், சிவப்புச் சிவப்பாக, மெத்தை போல. காற்று போக வழியில்லாமல் சூடேறி, ஆறும் வரை நின்று, ஆறியதும் ஓடியிருக்கிறது. பிரஷ் போட்டுத் துடைத்து, சிப்பின் மேல் சூடு தணிக்கும் புதுப் பசை தடவி, மிஷினை மூட்டைகள் இல்லாத அறைக்கு மாற்றினேன். இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடியது. அந்த அம்மா காப்பியை நீட்டிக்கொண்டே சொன்னார்: “மொதல்ல சொன்னதையே கேட்டிருந்தா இந்நேரம் வூட்டுக்குப் போய் சேந்திருப்பீங்க.”

மூன்று கேட் கீப்பர்

விழுப்புரத்தில், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். அவர் சொல், “தடுக்குது.” எதைத் திறந்தாலும் யாரோ தடுக்கிற மாதிரி ஒரு நிமிடம் நின்றுதான் திறக்கிறதாம். இந்த முறை பாடம் கற்றவனாக, யார் தடுக்கிறார்கள் என்று தேடினேன். வைரஸுக்குக் காவலாக ஒன்றல்ல, மூன்று புரோகிராம்கள். பேத்தி ஒன்று போட்டிருக்கிறாள், மருமகன் ஒன்று, தெரியாத யாரோ ஒன்று. ஒரு கோப்பைத் திறந்தால் முதல் காவல்காரன் சோதிப்பான். அவன் சோதிப்பதை இரண்டாமவன் சந்தேகப்படுவான். இருவரையும் மூன்றாமவன் பிடித்து வைப்பான்.

இரண்டை நீக்கிவிட்டு, ஏன் நீக்கினேன் என்று விளக்க வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “நான் முப்பது வருஷம் கேட் கீப்பரு சார். ஒரு கேட்டுக்கு மூணு பேரைப் போட்டா ரயிலு எப்படி சார் போவும்?”

பல்லி கத்துது

இனி அந்தச் சறுக்கல். பிரம்மதேசத்தில் வேலாயுதம் என்று ஒரு ஜோசியர். சுற்று வட்டார ஊர்களின் ஜாதகமெல்லாம் அவர் வீட்டு மிஷினில் இருக்கிறது. பதினான்கு வருடத்து மிஷின். ஒரு நாள் காலை, நான் ஒரு வீட்டில் பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். “தம்பி, மிஷினு நின்னு நின்னு போவுது. ஒரே பேஜாரு.”

“எப்ப நிக்குது ஐயா?” “எல்லார் ஜாதகத்துக்கும் ஜோரா ஓடுது. இந்த ஒரு பொண்ணு ஜாதகத்தைத் தொட்டா மட்டும் நிக்குது. மூணு தபா ஆச்சு.” “எவ்ளோ நேரம்?” “ஒரு சூடம் எரிஞ்சி அணையற நேரம். அப்புறம் வந்துடுது.” “சத்தம் ஏதாவது?” “பல்லி கத்தற மாதிரி டிக்கு டிக்குன்னு கேக்குது தம்பி.” எனக்குச் சந்தேகமே இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் எல்லாத் தகவலும் சின்னச் சின்னக் கட்டங்களில் உட்கார்ந்திருக்கும். ஒரு கட்டம் பழுதானால், அதைப் படிக்க மிஷின் திரும்பத் திரும்ப முயலும். அந்த முயற்சிதான் பல்லிச் சத்தம், அது முடியும் வரைக்கும்தான் மிஷின் நிற்கும். அந்தக் கட்டத்தை ஆங்கிலத்தில் ‘செக்டர்’ என்பார்கள். ஊர் திரும்பியதிலிருந்து யாரையும் ஆங்கிலம் சொல்லி மிரட்டுவதில்லை என்று எனக்கு ஒரு வைராக்கியம். எனவே நல்ல தமிழில், கணீரென்று சொன்னேன்: “பயப்படாதீங்க ஐயா. அந்தப் பொண்ணோட கட்டம் கெட்டுப்போயிருக்கு. மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. இனிமே அதைத் தொட வேணாம். தொட்டா பக்கத்துக் கட்டத்தையும் சேத்துக் கெடுத்துடும்.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் எதிரே, பொருத்தம் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டுமே எனக்குத் தெரியாது.  அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா குரல், யாரிடமோ: “கேட்டுக்கினீங்க இல்ல? பக்கத்துக் கட்டத்தையும் கெடுத்துடுமாம். எழுந்திரிங்க, போவலாம்.” போனில் பேசியது யாரோ வெளியூர் ஜோசியர் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள்; வேலாயுதம் விளக்குவதற்குள் படியிறங்கிவிட்டார்களாம்.

வெளியூர் ஜோசியர்

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. ஓட்டி வந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். பின்னால் அவள் அப்பா. மயிலத்தில் இருந்து, பிரம்மதேசத்தில் விலாசம் விசாரித்துக்கொண்டு வருகிறார்களாம். “போன்ல ஜாதகம் சொல்ற ஜோசியர் வீடு இதானுங்களா?” என்று அப்பா கேட்டார். மேஜையில் கழற்றி வைத்திருந்த மதர்போர்டைப் பார்த்துவிட்டு அவரே குழம்பிப்போனார்.

பெண்ணின் பெயர் கௌசல்யா. திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மாப்பிள்ளை பிரபு, விழுப்புரம். இருவரும் விரும்பி, இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைக்கவே இரண்டு வருடம் ஆனதாம். ஜாதகம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. இப்போது பிரபுவின் அம்மா சரோஜா வரும் வெள்ளிக்கிழமை வேறு இடத்தில் பெண் பார்க்கப் போகிறார். நான் டிஸ்க், கட்டம், பழுது எல்லாவற்றையும் விளக்கினேன். அப்பாவுக்குப் பாதிதான் புரிந்தது. கௌசல்யாவுக்கு முழுவதும் புரிந்தது. கோபமும் முழுதாக வந்தது. “ரத்தம் எடுத்த டியூபு உடைஞ்சா நாங்க டியூபை மாத்துவோம். பேஷண்ட்டுக்கு வியாதின்னு எழுதிக் குடுக்க மாட்டோம். சொன்னது நீங்க சார். நீங்களே வந்து திருப்பிச் சொல்லுங்க.”

கடைசியாகத் தொட்டது

அன்றே பிரம்மதேசம் போனேன். வேலை சுலபம்தான்: பழைய டிஸ்க்கில் இருப்பதைப் புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் கோப்பு வழியிலேயே அழிந்துவிட்டால்? பெண் வீட்டில் இருக்கும் ஜாதக நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ‘ஜாதகமே அழிஞ்சிபோச்சாம்’ என்ற சேதி ஊருக்குப் போய்விட்டால், அதை எந்த டிஸ்க்கில் இருந்தும் மீட்க முடியாது. எனவே நல்ல கட்டங்களை எல்லாம் முதலில் எடுக்கும்படி மிஷினுக்குச் சொல்லி, சிரமமானதைக் கடைசிக்கு ஒதுக்கினேன். (நீங்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்லிச் சத்தம் கேட்டால் முதல் வேலை பிரதி எடுப்பதுதான். குறுக்கே வேறு எதையும் செய்துபார்க்காதீர்கள்.)

மதியத்துக்குள் எல்லாம் ஏறிவிட்டது. இரண்டே கோப்புகள் பாக்கி. டிக்கு, டிக்கு. ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து கௌசல்யா முழுதாக வந்து சேர்ந்தாள். அடுத்து இரண்டாவது கோப்பும் வந்தது. அதன் பெயரைப் படித்துவிட்டு ஜோசியரை எழுப்பிக் காட்டினேன். பழைய டிஸ்க்கில் பக்கத்துக் கட்டத்தில் உட்கார்ந்து, கூடவே பழுதாகிக் கிடந்தது வேலாயுதம் ஜாதகம். இத்தனை நாள் அது நின்றது உங்களுக்கே தெரியவில்லையா என்று கேட்டேன். “என் ஜாதகத்தை நான் எதுக்குத் தம்பி தொறக்கறேன்? எனக்கு நடக்கறதுதான் எனக்கே தெரியுதே.”

அறுபதாம் கல்யாணம்

வியாழக்கிழமை பிரபு தன் அம்மாவைக் கெஞ்சி அழைத்து வந்தான். கௌசல்யாவும் அப்பாவும் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். புது டிஸ்க்கில் ஜாதகத்தைத் திறந்து காட்டினேன். கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. சரோஜா அசரவில்லை. “பொட்டியில புதுசு போட்டா, பொண்ணு ஜாதகமும் புதுசாயிடுமா?” நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் என் மேலதிகாரிகள்கூட இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.

பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டினேன். கௌசல்யாவின் ஜாதகம்: நின்றது, பல்லி கத்தியது. சரோஜா, பார்த்தாயா என்பது போல மகனைத் திரும்பிப் பார்த்தார். “இப்ப பிரபு ஜாதகத்தைத் தொறங்க ஐயா” என்றேன். உடனே வந்தது. “இப்ப உங்களோடது.” மிஷின் நின்றது. டிக்கு, டிக்கு.  ஜோசியர் சரோஜா பக்கம் திரும்பினார்: “அப்ப எனக்கும் கல்யாணம் ஆவாதாம்மா? அறுபதாங் கல்யாணமே ஆயி எட்டு வருஷம் ஆவுது!” உள்ளே இருந்து அவர் மனைவி சிரித்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு சரோஜாவாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கௌசல்யா மட்டும் சிரிக்கவில்லை; சரோஜாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜோசியர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொழில் குரலில் தீர்ப்புச் சொன்னார்: “கெட்டது பொட்டியோட கட்டம். பொண்ணு கட்டம் தங்கம்.” சரோஜா வாசல் பக்கம் திரும்பி, “ஏம்மா அங்கயே குந்திக்கினு இருக்க? உள்ள வா” என்றார். கௌசல்யா எழுந்து வரும்போது என்னைத் தாண்டித்தான் வந்தாள். முறைக்கவில்லை, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. கிளம்பும்போது சரோஜா மட்டும் என் அருகில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்: “நீங்களும் நல்லாத்தான் பாக்கறீங்க. எங்க சின்னவனுக்கு ஒரு எடம் வந்திருக்குது, அந்தப் பொண்ணு கட்டத்தையும் ஜல்தியா பாத்துச் சொல்லிடுங்க.”

கல்யாணம் வருகிற தையில். நான் அன்றிலிருந்து, தமிழ் என்னை மன்னிக்கட்டும் என்று, யார் வீட்டுக்குப் போனாலும் ‘செக்டர்’ என்று மட்டுமே சொல்கிறேன்.