‘அனுப்பப்பட்டது’ என்றது சேர்வர்

போர் முடிந்து சில வருடங்களில், போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு அங்கே திரும்ப விரும்புகிறவர்களின் வீட்டு விண்ணப்பங்களைச் சேர்க்கும் ஓர் அலுவலகத்தில், புத்தளத்தில் வேலை செய்தேன். விண்ணப்பங்களெல்லாம் ஒரு டேட்டாபேஸ் சேர்வரில் இருந்தன. யாருடைய கோப்பிலாவது ஒரு பத்திரம் குறைந்தால் சேர்வரே அவருக்கு ஈமெயில் அனுப்பவேண்டும் என்று மேலாளர் ஆசைப்பட்டார். அந்த ஆசை என் தலையில் விடிந்தது.

ராத்தா என்று நான் கூப்பிடும் என் அக்காவின் விண்ணப்பமும் அதற்குள் இருந்தது. மன்னாரில் எங்களைப் பெற்ற வாப்பாவின் காணியில் ஒரு சின்ன வீடு. அதற்காகத்தான் புத்தளத்துப் பக்கம் ஆலங்குடாவில் ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் ராத்தா இத்தனை வருடமும் காத்திருந்தார். சொந்தக்காரரின் கோப்பை நாங்கள் திறக்கக்கூடாது என்பது அலுவலக ஒழுங்கு. நான் திறக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சேர்வர் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மெயில் வசதியைத் திறந்தேன், கணக்கொன்று உருவாக்கினேன், சோதனைக் கடிதம் அனுப்பினேன். போகவில்லை. போர்ட் இலக்கம் பிழை என்றது. இலக்கத்தை மாற்றினால் பாஸ்வேர்ட் பிழை என்றது. பாஸ்வேர்டைச் சரிசெய்தால் கரண்ட் போனது. கொழும்பில் இருந்த கணினிக்காரரைப் போனில் பிடித்தால், ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இதைச் சொல்ல ஓர் ஆள், அவருக்கு ஒரு வாகனம் வேறு. நாலாம் நாள் ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது. திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. வரிக்கு வரி கேள்விக்குறிகள். சேர்வருக்குக் கொடுத்த கட்டளையில் தமிழ் வசனத்துக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்தைப் போடாததுதான் குற்றமாம். அதைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு நாள்.

ஒருவழியாக எல்லாக் கடிதங்களும் போயின. பதிவில் ஒவ்வொன்றுக்கும் நேரே ‘அனுப்பப்பட்டது’ என்று விழுந்தது. மேலாளர் தேத்தண்ணியும் பற்றீசும் வாங்கித் தந்தார்.

பிறகு ஒருவரும் வரவில்லை. ஒரு கிழமை போயிற்று, இரண்டு கிழமை போயிற்று. பத்திரம் கொடுக்கும் தவணை மாதக் கடைசியோடு முடிகிறது. குறைந்த பத்திரத்தோடு ஒரு சனம் வாசலை மிதிக்கவில்லை. நம்முடைய ஆட்களுக்கு வீடு வேண்டும், மெயிலைத் திறக்க மட்டும் சோம்பல் என்று வாய் கிழியப் பேசித் திரிந்தேன். கடைசி நாளும் கடந்த பிறகுதான் ஈமெயில் முகவரிகளைப் பார்க்க எனக்குப் புத்தி வந்தது. அத்தனை பேருக்கும் சேர்த்து நாலைந்து முகவரிகள்தான். எத்தாளை ஊருக்கு ஒன்று, மாம்புரிக்கு ஒன்று, எங்கள் சந்திக்கு ஒன்று. எல்லாம் போட்டோக்கொப்பி அடிக்கும் கொமியூனிகேஷன் கடைகள். படிவத்தில் ஈமெயில் கேட்டால், இல்லாதவர்கள் கடையுடையதை எழுதிவிடுவார்கள்.

கோபத்தோடு எங்கள் சந்திக் கடைக்குப் போனேன். கடைக்கார நானா நிதானமாகக் கணினியைத் திருப்பிக் காட்டினார். எங்கள் கடிதங்கள் ஒன்றும் திறக்கப்படாமல் வரிசையாகக் கிடந்தன.

“வந்து கேட்டா பிரின்ட் எடுத்துக் குடுப்பன்,” என்றார். “ஒருத்தரும் கேக்கல்லயே.”

கடிதம் வந்ததே தெரியாதவர்கள் எப்படி வந்து கேட்பார்கள் என்று கத்தினேன். கத்திக்கொண்டே வரிசையைக் கீழே இழுத்தபோது, ஒரு கடிதத்தின் தலைப்பில் ராத்தாவின் பெயர் இருந்தது. ஜீ.எஸ் என்கிற கிராம சேவகரின் கடிதம் குறைகிறதாம். ராத்தாவின் படிவத்தை நிரப்பியது நான். அந்த முகவரியை எழுதியதும் நான்.

மேலாளருக்குப் போன் எடுத்துக் கெஞ்சினேன். பத்திரம் குறையாதவர்களின் பட்டியல் காலையிலேயே கொழும்புக்குப் போய்விட்டது என்றார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ராத்தா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். போர்ட், பாஸ்வேர்ட், கேள்விக்குறி, கடை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்தியை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். ஏசுவார் என்று காத்திருந்தேன்.

“தெனமும் காலையில சோத்துப் பார்சல் வாங்க இஞ்ச வாறதானே தம்பி,” என்றார். “உங்கட கடிதமெல்லாம் சரியா ராத்தா எண்டு ஒரு நாள் கேட்டிருந்தா, நான் ஜீ.எஸ்ஸிட்ட நடந்தே போயிருப்பன்.”