அப்பா கெடுத்த கடைசி எபிசோடு

அனிமே பற்றி என்னிடம் யாரும் கருத்துக் கேட்க வேண்டியதில்லை. கேட்காமலே சொல்வேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்ளும் வரை சொல்வேன், சிலரிடம் மாட்டிய பிறகும் சொல்லியிருக்கிறேன்.

கால்பந்துத் தொடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவன் உதைத்த பந்து கோலுக்குப் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் முழுக்கப் பந்தைத் துரத்துகிறவன் ஓடிக்கொண்டே தன் பால்வாடி நாட்களை நினைத்து அழுவான். எனக்கு அது பிடிக்கும். மந்திரச் சிறுமிகள் வரும் தொடர்களில் அவர்கள் நட்சத்திரம் பறக்க உடை மாற்றி, முடி சீவி, தலையில் கிரீடம் வைத்து முடிக்கிற வரை அரக்கன் பொறுமையாக நிற்பான். அவ்வளவு மரியாதை தெரிந்த அரக்கனை வேறெங்கும் பார்க்க முடியாது. ராட்சத ரோபோ தொடர்களோடுதான் எனக்கு ஒத்துவராது. ரோபோவைவிட அதை ஓட்டும் பையனின் கவலை பெரிதாக இருக்கும். ஊர் பற்றி எரியும்போது அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பான். முதலில் எழுந்து ஊரைக் காப்பாற்று, பிறகு மழையைப் பார் என்று டிவியிடம் நானே கத்தியிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தொடர் இருக்கிறது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் ‘பனிமலை ரயில்’. ஒரு தம்பி, ஒரு நீராவி ரயிலை ஓட்டிக்கொண்டு மலை மலையாகப் போவான். அவன் அண்ணன் கடைசி மலையின் குகை வாசலில் இரும்பு உடை போட்டு, பெரிய கேட்டை மூடிக் காவல் நிற்பான். தம்பி வந்து சேர்வானா, அண்ணன் கேட்டைத் திறப்பானா, இதுதான் கதை. சமீபத்தில் அதை அசல் ஜப்பானியக் குரலில், கீழே எழுத்து ஓட, முழுவதும் பார்த்து முடித்தேன். படம் அருமை, இசை அருமை. ஆனால் வசனம் எங்கள் சித்தப்பா பேசியதற்குப் பக்கத்தில் வராது.

அப்போது நாங்கள் ஓசூரில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரு அறை, ஒரு சமையல் தடுப்பு, வரிசையாக அதே மாதிரி வீடுகள். வீட்டுக்கார அம்மாவுக்குத் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்குக் கம்பெனியில், இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை. ஷிப்ட் வாராவாரம் மாறும். செகண்ட் ஷிப்ட் வாரம் எனக்குத் தீபாவளி, மாலையில் அப்பா வீட்டில் இருக்கமாட்டார், டிவியை அலறவிடலாம். பர்ஸ்ட் ஷிப்ட் என்றால் அளவான சத்தம். நைட் ஷிப்ட் வாரத்தில் அப்பா பகலெல்லாம் அதே அறையில், டிவிக்கு எதிர்ச்சுவரைப் பார்த்து, கண்மேல் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். அந்த வாரம் டிவி ஊமை. அம்மா ம்யூட்டை அமுக்கிவிட்டு ரிமோட்டைச் சமையல் தடுப்புக்குக் கொண்டுபோய்விடுவாள்.

லாரி போனால் அப்பா எழமாட்டார், பக்கத்து வீட்டில் உரல் இடித்தால் எழமாட்டார். டிவி லேசாக முணுமுணுத்தால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். ஊரில் சும்மா இருந்தவரை வரவழைத்து, சூப்பர்வைசரிடம் போய் நின்று கேட்டு, தன் கம்பெனியிலேயே ட்ரெய்னியாகச் சேர்த்துவிட்டவர் அப்பா. சித்தப்பா ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை. பாகலூர்ப் பக்கம் பிளாஸ்டிக் கூரைக்குள் ரோஜா வளர்க்கிற பாலிஹவுஸ் ஒன்றில் பூ வெட்டப் போய்விட்டார். அன்றைக்கு அப்பா சுவரைப் பார்த்து, “என் பேரைக் கெடுத்துட்டான்” என்று ஒருமுறை சொன்னார். அதற்கப்புறம் இருவருக்கும் பேச்சு இல்லை.

பேச்சு இல்லை என்றால் செய்தியும் இல்லை என்று அர்த்தமில்லை, அதற்கு நான் இருந்தேன். “உங்கப்பாட்ட சொல்லு, கேஸ் சிலிண்டருக்குப் பதிஞ்சாச்சுன்னு” என்பார் சித்தப்பா. கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பா நான் அதைத் திருப்பிச் சொல்கிற வரைக்கும் காத்திருப்பார். சொன்ன பிறகுதான் காதில் விழுந்த மாதிரி தலையாட்டுவார். எனக்கு அந்த வேலை பெருமையாக இருந்தது. வீட்டில் பெரியவர்கள் இருவருக்கும் நான் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

பாலிஹவுஸ் வேலை விடியலில் தொடங்கி மத்தியானத்தோடு முடிந்துவிடும். கையெல்லாம் முள் கீறலோடு, ஏற்றுமதிக்கு ஆகாத கழுத்து வளைந்த ரோஜாக்கள் ரெண்டு மூன்றை எடுத்துக்கொண்டு சித்தப்பா வருவார். அம்மா அவற்றை டம்ளரில் போட்டு டிவி பக்கத்தில் வைப்பாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்.

முதல் ஊமை வாரத்தில், ரயில் பாலத்தில் தொங்குகிறது, யாரோ ஏதோ கத்துகிறார்கள், என்னவென்று தெரியாமல் நான் அழுதேன். சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உதடு அசைவதற்கு ஏற்றபடி தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். ஆணுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல், ரயிலுக்குக்கூட ஒரு குரல். நான் அழுகையை நிறுத்திவிட்டேன். மறுநாளே லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டு வாசலில்.

என்ன டப்பிங் அது. நீலமுடிக்காரி ஒருத்தி பனிப்புயலில் நின்று, “ஏல, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போயேன்” என்பாள். பனிக்கரடி தம்பியிடம் ஊர் எது, அப்பா பேர் என்ன என்று விசாரிக்கும். கன்னடப் பிள்ளைகள்கூட ‘ஏல’ போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா வந்து இது எந்த பாஷை என்று கேட்டுவிட்டுப் போனார். அம்மாகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். இத்தனைக்கும் அவள் சமையல் போட்டித் தொடரைத் தவிர வேறெதையும் மதித்ததில்லை, அதையும் திட்டிக்கொண்டுதான் பார்ப்பாள். ஒரு கரண்டி குழம்பை நக்கிவிட்டு மலை உச்சியில் நிற்கிறமாதிரி அழுகிறானே, அவன் வீட்டில் சோறு போடமாட்டார்களா என்பது அவள் கருத்து.

சித்தப்பாவின் கதையில் அண்ணன் நல்லவன். தம்பி விழுந்துவிடுவானோ என்று பயந்துதான் கேட்டைப் பூட்டி வைத்திருக்கிறான், ராத்திரியெல்லாம் நின்று கால் வீங்கிவிட்டது, வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை. இது எனக்கு வேதவாக்கு. சத்தம் இருந்த வாரங்களில் டிவியில் அண்ணன் வேறு ஏதோ கோபமாகப் பேசினான் என்றால், டிவிக்காரன் சரியாக டப்பிங் செய்யவில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.

பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் தோழி சூளகிரிக்காரி. அவள் வீட்டில் யாருக்கும் ஷிப்ட் கிடையாது, எப்போதும் சத்தம் உண்டு. அவள் ஒருநாள் என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னாள், “எங்கூட்டு டிவில அவன் கெட்டவன்டி. தம்பிக்காரன் ரயிலைத் தூக்கினு வந்துட்டான்னு கொல்லப் பாக்குறான். நீ எந்த டிவில பாக்குற?” எனக்கு வந்த கோபத்தில் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். செய்தி சொல்ல நடுவில் ஒரு ஆளும் வைத்துக்கொண்டேன்.

கடைசி எபிசோடு வெள்ளிக்கிழமை மாலை என்று விளம்பரம் வந்தது. காலண்டரைப் பார்த்தேன், நைட் ஷிப்ட் வாரம். முன்பு என்றால் அழுதிருப்பேன், இப்போது துள்ளினேன். கேட் திறக்கிற காட்சியை சித்தப்பா பேசப்போகிறார், டிவிக்காரன் இல்லை.

அந்த வாரத்தின் நடுவில்தான் சித்தப்பா அம்மாவிடம் அந்தச் செய்தியைச் சொன்னார். அத்திப்பள்ளி செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து மாலூரில் ஒரு ரோஜாப் பண்ணையில் தங்க இடத்தோடு வேலை இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாராம். அம்மா பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். பிறகு, “அவுகட்ட ஒரு வார்த்த கேளேன்” என்றாள். சித்தப்பா என்னைப் பார்த்து, “உங்கப்பாட்ட சொல்லிரு” என்றார். போய்ச் சொன்னேன். எப்போதும் தலையாட்டுகிற அப்பா அன்றைக்கு ஆட்டவில்லை. துண்டை நனைத்துப் பிழிந்து கண்ணில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

சித்தப்பா போய்விட்டால் அடுத்த ஊமை வாரம் யார் பேசுவார்கள்? புதிதாக ஆரம்பித்திருந்த வாள்வீரன் தொடர் என்ன ஆவது? அவருடைய பையை ஒளித்துவைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அது அவர் தலைக்கு வைத்துப் படுக்கிற பை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் ஓட்டமாக வந்தேன். லைன் வீட்டுப் பிள்ளைகள் முழுப் பேரும் வாசலிலும் உள்ளேயுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அந்தப் பக்கம் அப்பா துண்டோடு படுத்திருந்தார். ம்யூட் போட்டாயிற்று. டிவியில் பனி கொட்டியது. சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ரயில் வந்தது. கடைசி வளைவு, பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழன்று பள்ளத்தில் விழுகின்றன, நீலமுடிக்காரி நிலக்கரியை அள்ளிப் போடுகிறாள், புகை. நான் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் சிலிர்க்கிறது, அதற்கப்புறம் எத்தனையோ கடைசிக் காட்சிகளைப் பார்த்துவிட்டேன், அந்த வளைவுக்கு ஈடு கிடையாது. என்ஜின் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றது. தம்பி இறங்கினான். அண்ணன் நெம்புகோலில் கைவைத்து, கேட்டை ஒரு சாண் மட்டும் திறந்து நிறுத்தினான்.

தம்பியின் உதடு அசைந்தது. சித்தப்பா இந்த முறை குரலை மாற்றாமல், தன் சொந்தக் குரலிலேயே பேசினார்.

“அண்ணே, சொல்லாம வந்தது தப்புதான். ஒம் பேரக் கெடுக்கணும்னு வரல. அங்க எனக்கு மூச்சு முட்டுச்சு. ஒங்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. இந்த வேல எனக்குப் புடிச்சிருக்கு. கேட்டத் தொறந்தா இங்கயே இருப்பேன், இல்லன்னா இப்பிடியே அந்தப் பக்கம் போயிருவேன்.”

நிலக்கரிப் புகைக்கு மூச்சு முட்டும்தானே, நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்து அண்ணனின் முறை. இரும்புத் தொப்பியைக் கழற்றினான், முகத்தை முதன்முதலாகக் காட்டினார்கள், உதடுகள் அசைய ஆரம்பித்தன. சித்தப்பா பேசவில்லை.

“சித்தப்பா, அண்ணன் பேசுறான். சொல்லுங்க” என்று தொடையில் இடித்தேன். அண்ணன் பேசிக்கொண்டே போகிறான், இத்தனை வாரமாகக் காத்திருந்த வசனம் வீணாகப் போகிறது, பிள்ளைகள் எல்லாம் சித்தப்பாவையே பார்க்கிறார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது சுவர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அப்பா துண்டை எடுக்கவில்லை, திரும்பவுமில்லை.

“எங்கயும் போவேண்டாம்ல. கேட்டு தொறந்துதான் கெடக்கு.”

அதே நொடியில் டிவியில் அண்ணன் நெம்புகோலை இழுத்தான். கேட் மலையே அதிரும்படி மூடிக்கொண்டது. தம்பி பனியில் மண்டியிட்டு விழுந்தான். தொடர் முடிந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. கேட் மூடுகிறது, திறந்து கிடக்கிறது என்கிறார். கண்ணில் துண்டைப் போட்டுக்கொண்டு யாராவது டப்பிங் பேசுவார்களா? சித்தப்பாவாவது திருத்துவார் என்று பார்த்தேன். அவர் முகத்தை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தோள் மட்டும் குலுங்கியது. காட்சியைக் கெடுத்துவிட்டதற்குச் சிரிக்கிறாரோ என்று எனக்கு இன்னும் கோபம். அம்மா ரிமோட்டோடு வந்து, அப்பா தூங்கும் நேரம் இன்னும் மிச்சமிருக்க, தானாகவே சத்தத்தைத் திறந்துவிட்டாள். சோப்பு விளம்பரம் அலறியது. அப்பா எழுந்து உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா எங்கும் போகவில்லை. என்ன காரணம் என்று நான் கேட்கவுமில்லை, வாள்வீரன் தொடர் தப்பித்தது, அது போதும். இன்னொன்று மட்டும் உறுத்தியது. அன்று காலை அப்பா என்னைத் தாண்டி நேராகச் சித்தப்பாவிடம், “ஏல, காப்பி ஆறுது” என்றார். என் வேலை போய்விட்டது என்பது எனக்குப் புரியச் சில நாள் பிடித்தது.

திங்கட்கிழமை தோழியோடு சமாதானம் ஆகி, நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் கண்ணை விரித்துக் கேட்டுவிட்டு, கடைசியில் உங்கப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டாள்.

“எங்கப்பாவுக்குக் கார்ட்டூன் பத்தி ஒன்னுமே தெரியாதுடி” என்றேன். “கதையே கேக்காமத் தூங்கிட்டு, கடைசில எந்திரிச்சு வாய்க்கு வந்தத ஒளறிட்டாரு.”